நான்கு தூண்களில் நம்முடையது எது?

பாப்பாவுக்கு,

மெல்பர்ன் போர் நினைவாலயத்தில் நீ எடுத்த படங்கள் வந்தன. முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11, காலை 11 மணிக்குக் கூரைத் துளை வழியாக வெயில் இறங்கி, தரைக்கல்லில் 'அன்பு' என்று பொறித்த சொல்லைத் தொடும்படி கட்டியிருக்கிறார்கள் என்று வியந்து எழுதியிருந்தாய். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க ஆரம்பித்த பிறகு, கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்புகிறார்களாமே! "நம்ம பீச் ரோடு சாப்ஸ்டிக்ஸ்ல இப்படி ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூரில் ஜப்பானியர் காலத்தில் மாண்ட பொதுமக்களுக்காக எழுப்பிய நான்கு தூண் நினைவுச்சின்னத்தைத்தானே நாம் சாப்ஸ்டிக்ஸ் என்கிறோம்! இருக்கிறது. அங்கே வெயிலைக் கணக்குப் பார்த்துக் கட்டினார்கள், இங்கே தலையை எண்ணாமல் கட்டினார்கள்.

நான்கு தூணும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பிய-ஆசியக் கலப்பினரான யுரேசியர் முதலான மற்றவர் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்து அத்தோடு விட்டிருப்பார்கள். 1962இல் சிக்லாப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் கிளம்பிய கதையைச் சொன்னார்களோ இல்லையோ. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு முதல் நாள், ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அடுத்த சில வாரங்களில் 'சூக் சிங்' என்று சீன ஆண்களைப் பொறுக்கி எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுட்டார்கள். ஜப்பானியர் ஒப்புக்கொண்டது ஐயாயிரம் சொச்சம். சீனர்கள் சொல்லும் கணக்கு அதைப் போலப் பல மடங்கு. அதனால்தான் எலும்புகளை எடுத்து முறையாக அடக்கம் செய்ய முதலில் முன்வந்தது சீன வர்த்தகத் தொழிற்சபை. அரசாங்கம் நிலம் கொடுத்தது. சின்னம் ஓர் இனத்துக்கென்று இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஆனது. கட்டடக்கலைஞர் லியோங் ஸ்வீ லிம் வரைந்த வடிவம் அது. 1967 பிப்ரவரி 15 அன்று அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார்.

அந்த வருஷத்தைக் கவனி. 1964 இனக் கலவரம் எல்லார் மனதிலும் ஆறாமல் கிடந்தது. நாடு தனியாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. செத்தவர் எண்ணிக்கைப்படி தூண் எழுப்பியிருந்தால் ஒன்று வானத்துக்கும் மற்றவை முழங்காலுக்கும் நின்றிருக்கும். நான்கையும் ஒரே உயரத்தில், அறுபது மீட்டருக்கு மேல் நிறுத்தினார்கள். வரலாற்றுக் கணக்குக்கு இது பொருந்தாது. தெரிந்தே செய்ததுதான் என்று நினைக்கிறேன். செய்தது சரி என்பது என் கட்சி.

உள்ளே போய் நின்று பார்த்திருக்கிறாயா? தூண்கள் நான்கும் அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு தாழி. தலையைத் தூக்கினால் நான்கு வெள்ளை முனைகளுக்கு நடுவே துண்டு வானம். சின்ன வயதில் உன்னை அங்கே கூட்டிப்போனபோது, "இதுல நம்ம தூண் எதுப்பா?" என்று சுற்றிச் சுற்றி வந்தாய். எதிலும் அடையாளம் கிடையாது, நான்கும் ஒரே வார்ப்பு. அடித்தளத்தில் மற்ற மூன்று மொழிகளோடு தமிழிலும் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நம் நடுகல்லில் வீரன் உருவம் இருக்கும், பெயர் இருக்கும், ஆநிரை மீட்டுச் செத்தானா, புலியோடு மல்லுக்கட்டிச் செத்தானா என்பதும் இருக்கும். இங்கே உருவமும் இல்லை, பெயரும் இல்லை. எப்படி இருக்கும்? யாருடைய எலும்பு எது என்று யாருக்குத் தெரியும்? 606 தாழிகளில் போட்டு அடியில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு நெருடுவது வேறு. உன் தாத்தாவின் அண்ணனை ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அவரைப் போல மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். பீச் ரோட்டுத் தாழிகளில் அவர்கள் இல்லை. இன்னொரு பக்கம், அதே ஜப்பான்காரன் காலத்தில் நேதாஜியின் படையில் விரும்பிச் சேர்ந்த தமிழர்களும் உண்டு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் எஸ்பிளனேட் பூங்காவில், அந்தப் படையில் இறந்தவர்களுக்காக அவர் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களைப் பொறித்தார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. 1995இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்தார்கள். ஆக, 'இந்தியர் தூண்' என்று ஒன்றைக் காட்டினால் அது யாருக்கு என்று நம் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். பெயர் போடாமல் விட்டதில் இந்தச் சௌகரியமும் இருக்கிறது!

நீ கட்டடக்கலைக்காரி. தூண்கள் அடியில் சேர்ந்து மேலே போகப்போக ஒடுங்குவதற்குக் கட்டுமானக் காரணம் ஏதும் உண்டா, அழகுக்காகத்தானா? விவரமாக எழுது.

மிளகாய்த்தூள் அனுப்பினால் உங்கள் ஊர் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று அம்மா கேட்கிறாள். அரைத்து வைத்தாயிற்று, சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அப்பா