விசா வரிசையிலும் நம் அமைப்புகள் வேண்டும்

பாங்காக்கில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், கோயில் குழுக்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், வணிகர் குழுக்கள் அனைத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். வேலைக்காகவோ குடும்பத்தோடோ தாய்லாந்துக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு விசா, வேலை அனுமதி, வாடகை வீடு, வங்கி, மருத்துவம் ஆகியவற்றைப் பற்றி விளக்கிச் சொல்ல, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் இடத்தில் உட்கார வேண்டும். தமிழில், இலவசமாக, பொறுப்பானவர்களை வைத்து அதைச் செய்ய வேண்டும். இப்போது அந்த வேலையை வாட்ஸாப் குழுக்களும் ஏஜெண்டுகளும் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே சரியான தகவலோடு பழையதும் தவறானதும் கலந்தே வருகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்கப் புதிதாக வந்தவரால் முடியாது.

என் கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள் நான். தாய்லாந்து மொழியைப் பேசவும் ஓரளவு படிக்கவும் கற்றுக்கொண்டேன். அதனால் தெரிந்தவர்களுக்கும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் துணையாகச் சேங் வத்தனா அரசு வளாகத்தில் இருக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கு அடிக்கடி போகிறேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இந்த மடல்.

அதிகம் பேர் குழம்புவது 90 நாள் ரிப்போர்ட்டில். 1979ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, நீண்டகால விசாவில் இருப்பவர் தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால் தன் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். டி.எம். 47 என்ற படிவம். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. தவறவிட்டு நாமாகவே போய்ச் சொன்னால் 2,000 பாட் அபராதம். இடையில் வெளிநாடு போய்வந்தால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் ரிப்போர்ட் கொடுத்ததும் கையில் வரும் சீட்டில் அடுத்த தேதி ஒன்று இருக்கும். அந்தத் தேதி வரை விசாவே நீண்டுவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விசா முடிந்தது தெரியாமலே தங்கிவிடுகிறார்கள். அப்படித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். பணத்தையாவது கட்டிவிடலாம். 90 நாளுக்கு மேல் போய்விட்டால், தானாகவே விமான நிலையத்தில் போய் நின்றாலும் ஓராண்டுக்குத் திரும்பி வர முடியாது. அதற்கு முன்பே போலீஸ் பிடித்துவிட்டால், தாண்டியது சில நாளாகவே இருந்தாலும், ஐந்தாண்டுத் தடை. ஒரு சீட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு ஒருவருடைய பிழைப்பே போய்விடுகிறது.

அடுத்தது டி.எம். 30. வெளிநாட்டவர் ஒருவர் தன் வீட்டில் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. பொறுப்பு உரிமையாளருடையது. ஆனால் விசாவை நீட்டிக்கப் போகும்போது கவுண்டரில் அந்த ரசீதைக் கேட்டால், கையைப் பிசைந்துகொண்டு நிற்பது வாடகைக்கு இருப்பவர்தான். அடுக்குமாடி வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கும் உரிமையாளர்களில் பலருக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது. தெரிந்த சிலரும் வரித்துறை கேள்வி கேட்குமோ என்று தயங்குகிறார்கள். 2020இல் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். விசா செல்லுபடியாகும்போது வெளியூரோ வெளிநாடோ போய் அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபடி பதிய வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்துப் பதிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடு பார்க்கும்போதே, இரண்டு மாத டெபாசிட்டை நீட்டுவதற்கு முன்பே, "டி.எம். 30 பதிந்து தருவீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும், அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

என்னை மிகவும் வருத்துவது ரீ என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்த் திரும்பி வருவதற்கு முன்கூட்டியே வாங்கும் அனுமதி. அதை வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே காலடி வைத்தால், ஓராண்டுக்கு நீட்டித்து வாங்கிய விசா அந்த நிமிடமே ரத்தாகிவிடும். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். நிதானமாகப் பயணம் போகிறவர்கள் எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வந்து, அப்பா போய்விட்டார் என்று கேட்டு, கிடைத்த விமானத்தில் ஏறுகிறவர்கள். காரியம் முடித்துத் திரும்பி வந்தால், பாஸ்போர்ட்டில் விசாவும் இல்லை, அதை நம்பியிருந்த வேலை அனுமதியும் சிக்கல். துக்கத்தில் இருக்கும் மனிதர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவர்ணபூமி விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பகுதியிலேயே இந்தப் பெர்மிட்டுக்கென்று ஒரு கவுண்டர் இருக்கிறது. அது தெரிந்திருந்தால் அந்த இரவிலும் வாங்கியிருக்கலாம்.

நமக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. இவற்றை வேறு நாட்டுக்காரர்களின் குழுக்களில் கேட்டால் பதில் கிடைக்காது. ஊரில் மண்டபத்தில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருப்பார்கள், ஆனால் திருமணத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும், வெளிநாடு கிளம்பும் வரை பலர் அதைத் தேடுவதில்லை. மனைவியைக் குடும்ப விசாவில் அழைத்துவர அந்தச் சான்றிதழும், அதற்கு ஊரிலேயே வாங்க வேண்டிய அத்தாட்சியும், தாய்லாந்து மொழிபெயர்ப்பும் வேண்டும். அப்புறம் நம் பெயர்கள். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே எல்லாப் படிவத்திலும் அதற்கொரு கட்டம் இருக்கிறது. சிலர் அப்பா பெயரை அதில் எழுதுகிறார்கள், சிலருக்குப் பாஸ்போர்ட்டில் அந்த இடமே காலி. கணவர், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் வந்து நிற்கும்போது, இவர்கள் ஒரே குடும்பமா என்று அதிகாரி கேட்பதில் தவறில்லை. இங்கே குழந்தை பிறந்தால் 15 நாளுக்குள் மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். இந்தியக் குடியுரிமைக்கு ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். இங்கே பிறந்ததால் மட்டும் தாய்லாந்துக் குடியுரிமை வராது. பிரசவ அலைச்சலில் இருக்கும் இளம் பெற்றோருக்கு இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

வேலை போகும்போது என்ன ஆகும் என்பதும் அப்படித்தான். வேலையை வைத்து நீட்டித்த விசா, வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். கணவரின் விசாவை வைத்து இருக்கும் மனைவி, பிள்ளைகளின் விசாவும் அதோடு போகும். 1,900 பாட் கட்டி ஏழு நாள் அவகாசம் கேட்கலாம். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு டெபாசிட், சாமான்கள் எல்லாவற்றையும் அந்த ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். கடைசி நாள் எது என்பதை நிறுவனத்திடம் பேசி முடிவு செய்யலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அதேபோல, சம்பளத்தில் மாதாமாதம் 5 சதவீதம் என்ற கணக்கில், ஓர் உச்சவரம்புக்குள், சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், "ஏதோ பிடிக்கிறார்கள்" என்பார்கள். வேலை போன பிறகும் ஆறு மாதம் மருத்துவ வசதி அதில் உண்டு. நோயோடு இருப்பவர்கள் அது தெரியாமல் கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை அலைச்சலும் பணச்செலவும். இனிச் சொல்வது அதைவிடப் பெரியது. கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், தாய்லாந்து என்று நம்பி வந்த நம் பிள்ளைகளைப் பாங்காக்கிலிருந்து மியான்மர் எல்லையில் இருக்கும் மே சோட்டுக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமையை நாம் எல்லோரும் அறிவோம். 2022இலேயே அங்கிருந்து தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து இந்திய விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள். அவர்களில் பலர் இந்த ஊர் விமான நிலையம் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். சுற்றுலாவுக்கான விசா விலக்கில் வந்து வேலை செய்யவே கூடாது, அப்படி வரச்சொல்லும் எந்த நிறுவனமும் சந்தேகத்துக்குரியது என்ற ஒரு வரி ஊரில் அவர்கள் காதில் விழுந்திருந்தால், சிலராவது தப்பியிருப்பார்கள். இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வேலைக்குப் போவதற்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று இந்திய அரசு வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. பதிவுபெற்ற முகவரா என்று அரசின் தளத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. ஒரு வேலைக் கடிதத்தை அனுப்பி, "இந்தக் கம்பெனி உண்மையா?" என்று ஊரில் ஓர் அம்மா கேட்டால், அந்த முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல இங்கே இருக்கும் நம்மால் முடியும். வேறு யாரால் அது முடியும்?

வங்கிக் கணக்கு விஷயமும் இதோடு சேர்ந்தது. மோசடிப் பணம் போய்வர வாடகைக்கு விடும் கணக்குகளை இங்கே பஞ்சி மா என்கிறார்கள். 2023இல் வந்த அவசரச் சட்டப்படி, தன் கணக்கை அப்படிக் கொடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை, 3,00,000 பாட் வரை அபராதம். "நண்பா, உன் கணக்கில் ஒரு பணம் வரும், எடுத்துக் கொடு" என்று கேட்டால் மறுக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் நம்மவர்கள். அவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

தாய்லாந்து அரசைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் நாடு, அவர்கள் விதி. கவுண்டரில் இருக்கும் அதிகாரிகளில் பெரும்பாலோர் பொறுமையாகவே பேசுகிறார்கள். ரத்தினக் கல் வெட்டுதல், பட்டை தீட்டுதல், முடிதிருத்தம், சுற்றுலா வழிகாட்டி போன்ற வேலைகளைத் தம் மக்களுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதிலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ பாங்காக்கின் சீலோமுக்கும் சந்தபுரி ஊருக்கும் ரத்தினக் கல் வியாபாரத்துக்கு வரும் ஓர் இளைஞனுக்கு, விற்பது வேறு, பட்டறையில் உட்கார்ந்து தீட்டுவது வேறு என்று யாராவது சொல்லியாக வேண்டும். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும், நாட்டைவிட்டு அனுப்புவதும் உண்டு.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. தவறான தகவல் சொல்லிவிட்டால் பழி வருமே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் சொல்கிறேன், நாம் யாருடைய படிவத்தையும் பணம் வாங்கிக்கொண்டு நிரப்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்க வேண்டாம். விதியைத் தமிழில் எழுதி, கடைசியாகச் சரிபார்த்த தேதியை மேலே போட்டு, சந்தேகம் வந்தால் குடியேற்றத் துறையின் 1178, சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் 1506, அவசர மருத்துவத்துக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155 என்று எண்களைக் கீழே அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

நம்மால் முடியுமா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. விஜயதசமி இரவில் மாரியம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலை முழுவதும் மனிதத் தலையாக இருக்கும்போது, பூசை, அன்னதானம், கூட்டம், போலீஸ் அனுமதி என்று எல்லாவற்றையும் ஒருங்கிணைத்துக் காட்டுகிறீர்கள். ரமலான் நோன்புக் கஞ்சியும் பொங்கல் விழாவும் யாரும் சொல்லாமலே நடக்கின்றன. மே சோட்டில் 1989இல் டாக்டர் சிந்தியா மாங் தொடங்கிய மே தாவோ மருத்துவமனையைப் பாருங்கள். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர், தன்னைப்போல வந்தவர்களுக்காக ஆரம்பித்தார். கையில் எதுவும் இல்லாதவர்கள் அதைச் செய்தார்கள். நமக்குக் கடை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். பட்டாயாவிலோ புக்கெட்டிலோ ஓர் உணவக அறையில் தனியாக இருந்த சமையற்காரர் இறந்துபோனால், கூட வேலை பார்த்தவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை. மாவட்ட அலுவலகத்தின் இறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, பாங்காக்கில் சுகும்வித் சாலையின் 23ஆவது சந்தில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் தடையில்லாக் கடிதம், விமான நிறுவனம் என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். அந்த நேரத்தில் போன் எடுக்க இரண்டு பேர், செலவுக்கு ஒரு சிறு நிதி, இவை இருந்தால் ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உதவி.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தயவுசெய்து இதை எடுத்துப் பேசுங்கள். சீலோம் பக்கம் ஒரு கூடம், ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை, இரண்டு மேசை, ஒரு பிரின்டர் இருந்தால் தொடங்கிவிடலாம். 90 நாள் ரிப்போர்ட், டி.எம். 30, ரீ என்ட்ரி மூன்றுக்கும் தமிழில் ஒரு பக்க விளக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன். தாய்லாந்து வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும், அதற்கான ஏற்பாட்டை மட்டும் சங்கம் செய்யட்டும். கவுண்டருக்குத் துணையாக வர என்னோடு இன்னும் சில பெண்கள் தயாராக இருக்கிறார்கள். கோயில், பள்ளிவாசல், சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரே அறிவிப்பாக வெளியிட்டால் எல்லோரும் நம்பி வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் தொடங்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
பாங்காக்கில் வசிக்கும் உங்கள் சகோதரி