முதல் ஆங்கிலிக்கன் பெண் பேராயர் லிபி லேன் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேன்டர்பரியின் தலைமைப் பேராயர் பொறுப்புக்கு சாரா முல்லாலி தேர்ந்தெடுக்கப்பட்டதையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையில், உலகின் முதல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபையையும் அதனோடு இணைந்த திருச்சபைகளையும் சேர்ந்த) பெண் பேராயர் லிபி லேன் என்று எழுதப்பட்டிருந்தது. 2015 ஜனவரி 26 அன்று யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் அபிஷேகம் பெற்ற அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் என்பது மட்டுமே சரி. அதற்கு ஏறத்தாழ 26 ஆண்டுகளுக்கு முன்பே, 1989 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெண் ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றுவிட்டார். 1930-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த கறுப்பினப் பெண்ணான பார்பரா ஹாரிஸ்தான் அவர்.

பெயரைத் திருத்தி ஒரு வரி வெளியிட்டால் தீர்ந்துவிடும் பிழையாக இதை நான் கருதவில்லை. காலம் கனிந்ததும் இங்கிலாந்துத் திருச்சபையே முன்வந்து பெண்களுக்கு இந்த உரிமையை அளித்தது, பிற நாடுகள் அதைப் பின்பற்றின என்ற தோற்றத்தை அந்தக் கட்டுரை முழுவதுமே தருகிறது. நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அதைக் காட்ட ஹாரிஸின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று கிடையாது.

அவர் இளமையில் குருத்துவப் பணியைத் தேடிச் சென்றவர் அல்லர். அன்று அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபையான எபிஸ்கோப்பல் திருச்சபையில் பெண்கள் குருவாக முடியாது என்பதால் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்து அதன் தலைவராக உயர்ந்தார். பின்னர் சன் ஆயில் என்னும் எண்ணெய் நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் பொறுப்பு வகித்தார். இடையே மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்று கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பணியில் ஈடுபட்டதும், 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குச் சென்ற பேரணியில் நடந்ததும் உண்டு. சிறைக் கைதிகளைச் சந்திக்கும் ஊழியத்தையும் பல ஆண்டுகள் செய்துவந்தார்.

1974 ஜூலை 29 அன்று, வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் அவர் உறுப்பினராக இருந்த ‘சர்ச் ஆஃப் தி அட்வகேட்’ ஆலயத்தில், 11 பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் அளிக்கப்பட்டது. அபிஷேகம் அளித்த பேராயர்கள் மூவரும் ஏற்கெனவே பொறுப்பிலிருந்து விலகியவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். திருச்சபையின் விதிகளை வகுக்கும் பொது மாமன்றம் அதற்கு அனுமதி அளித்திருக்கவில்லை. அந்த நாளில் சிலுவையை ஏந்திப் பவனிக்கு முன்னே நடந்தவர் ஹாரிஸ். (அந்தப் பதினொருவரில் அவரும் ஒருவர் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அதுவும் தவறு. அப்போது அவர் உதவிக்குருகூட இல்லை, சபை உறுப்பினர் மட்டுமே.) சில வாரங்களுக்குள் பேராயர்கள் மன்றம் கூடி அந்த அபிஷேகம் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் 1976-இல் மினியாபொலிஸில் கூடிய பொது மாமன்றம் பெண்களுக்குக் குருத்துவம் அளிக்க இசைந்தது. முதலில் சிலர் விதியை மீறினார்கள், பிறகுதான் விதி மாறியது என்ற இந்த வரிசை கட்டுரையில் எங்குமே இல்லை.

விதி மாறிய பிறகு ஹாரிஸ் படிக்கத் தொடங்கினார். முழுநேர இறையியல் கல்லூரிக்குச் செல்லாமல் வேறு வழிகளில் பயின்று, 1979-இல் உதவிக்குருவாகவும் 1980-இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றபோது அவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. நாரிஸ்டவுன் என்னும் ஊரில் ஒரு சிறிய சபையைக் கவனித்துக்கொண்டார். 1984 முதல் ‘தி விட்னஸ்’ இதழை வெளியிட்ட நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்து, நிறவெறியையும் திருச்சபைக்குள் நிலவிய பாகுபாட்டையும் கடுமையான மொழியில் கண்டித்து எழுதினார். பிற்காலத்தில் எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டியவற்றில் இந்த எழுத்துகளும் இருந்தன.

1988 செப்டம்பர் 24 அன்று மாசசூசெட்ஸ் பேராயம் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) அவரைத் துணைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஒரு பேராயம் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது; நாடெங்கிலும் உள்ள பேராயங்களின் நிலைக்குழுக்களில் பெரும்பான்மையும், பொறுப்பிலுள்ள பேராயர்களில் பெரும்பான்மையும் இசைவு தெரிவிக்க வேண்டும். இந்த இசைவு வந்து சேர மாதங்கள் ஆயின. அவர் பெண் என்பதோடு, மணமுறிவு பெற்றவர், இறையியல் பட்டம் இல்லாதவர், ஊழியத்தில் அனுபவம் குறைந்தவர், கருத்தில் தீவிரமானவர் என்ற குற்றச்சாட்டுகளும் அடுக்கப்பட்டன. இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாரா முல்லாலி முன்பு செவிலியராக இருந்ததையும், 1999-இல் 37 வயதில் இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியானதையும், பிறகே குருத்துவத்துக்கு வந்ததையும் தங்கள் கட்டுரை பாராட்டுகிறது. அந்தப் பாராட்டு அவருக்குத் தகும். ஆனால் திருச்சபைக்கு வெளியே வேலை பார்த்துவிட்டுத் தாமதமாக ஊழியத்துக்கு வந்தது ஹாரிஸுக்கு மட்டும் குறையாக எண்ணப்பட்டது ஏன் என்று கேட்டுப் பார்த்தால், அவரது நிறத்தையும் கணக்கில் சேர்க்காமல் விடை காண இயலாது என்றே நான் நினைக்கிறேன்.

அபிஷேக ஆராதனை பாஸ்டனின் ஹைன்ஸ் அரங்கில் ஏறத்தாழ 8,000 பேர் முன்னிலையில் நடந்தது. கொலை மிரட்டல்கள் வந்திருந்ததால், குண்டு துளைக்காத மேலுடையை அங்கிக்குள் அணிந்துகொள்ளுமாறு காவல்துறை கூறியும் ஹாரிஸ் மறுத்துவிட்டார். ஆராதனையின் நடுவே எழுந்து நின்று மறுப்புரை வாசிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். தலைமை வகித்த பேராயர் எட்மண்ட் பிரவுனிங் அவற்றைக் கேட்டுவிட்டு ஆராதனையைத் தொடர்ந்தார். அன்றைய திருவிருந்து வழிபாட்டில் ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய் அம்மையாரும் பங்கேற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, ஆண் குரு எவரும் தென்சீனக் கடற்கரையிலுள்ள மக்காவு நகருக்குச் சென்றுவர முடியாதிருந்த நிலையில், 1944-இல் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் அவருக்குக் குருத்துவ அபிஷேகம் அளித்தார். ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குரு அவரே. போர் முடிந்ததும் எழுந்த கண்டனத்தால் குருத்துவ உரிமத்தைத் துறந்து, அது மீண்டும் ஏற்கப்படக் கால் நூற்றாண்டு காத்திருந்தார்.

ஹாரிஸ் 2002-இல் ஓய்வு பெறும்வரை மாசசூசெட்ஸின் துணைப் பேராயராகவே இருந்தார். ஒரு பேராயத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்ற முதல் ஆங்கிலிக்கன் பெண், நியூசிலாந்தின் டனீடனில் 1990-இல் பொறுப்பேற்ற பென்னி ஜேமீசன். இந்த வேறுபாட்டையும் குறிப்பது முறை. ஓய்வுக்குப் பிறகும் ஹாரிஸ் சில ஆண்டுகள் வாஷிங்டன் பேராயத்தில் உதவிப் பணி செய்தார். 2020 மார்ச் 13 அன்று, தமது 89-ஆம் வயதில் காலமானார்.

இங்கிலாந்தின் நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாரிஸ் பேராயரான ஆண்டில் அங்கே பெண்கள் குருவாகக்கூட முடியாது. 1994-இல்தான் முதன்முதலாகப் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் நடந்தது. பெண் பேராயர்களுக்கான சட்டம் 2012-இல் திருச்சபை மாமன்றத்தின் சபையார் பிரிவில் (குருக்கள் அல்லாத உறுப்பினர்களின் பிரிவில்) ஆறு வாக்குகள் குறைந்ததால் தோற்று, 2014-இல் நிறைவேறியது. ஆகவே இங்கிலாந்து இந்த விஷயத்தில் முன்னோடி அல்ல, பின்னால் வந்து சேர்ந்த நாடுகளில் ஒன்று.

இன்னொரு விடுபடலும் உண்டு. தமிழ் வாசகர்களுக்கான நாளிதழில் அது நேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்பு வகிக்கும் தென்னிந்தியத் திருச்சபை, 2013 செப்டம்பரில் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்கு எக்கோணி புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. லிபி லேன் அபிஷேகம் பெறுவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே, நமது அண்டை மாநிலத்தில், நம்மில் பலர் உறுப்பினராக இருக்கும் அதே திருச்சபையில் ஒரு பெண் பேராயர் பணியாற்றிக்கொண்டிருந்தார். யார்க் நகரை நினைவில் வைத்திருந்த கட்டுரையாளருக்கு நந்தியால் நினைவுக்கு வராதது எனக்கு வியப்பளிக்கிறது.

பிழையான வரியைத் திருத்தி, பார்பரா ஹாரிஸ், பென்னி ஜேமீசன், புஷ்பலலிதா ஆகிய மூவரின் பெயர்களையும் ஆண்டுகளையும் அச்சுப் பதிப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணையப் பதிப்பில் மட்டும் திருத்தினால், கட்டுரையை வெட்டி வைத்துப் பயன்படுத்தும் பள்ளி மாணவர்களுக்கு அது எட்டாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை