பில்டு ஏன் தொங்குகிறது?

ஐயா,

பில்டு (மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் வேலை) தானியக்கம் குறித்த தங்கள் கட்டுரையில், அந்த மாற்றத்தைச் செய்யும் கம்பைலரை அழைக்கும் சிறு உதவி நிரல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பில்டு முடியாமல் தொங்கும் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

பைத்தான் மொழியில், வேறொரு நிரலைத் தொடங்கும் பாப்பன் (Popen) மூலம் கட்டளையைத் தொடங்கி, வெளியீட்டைப் பைப்பில் (நிரல்களுக்கு இடையே தரவு செல்லும் குழாயில்) விட்டு, அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட்டை (wait) மட்டும் அழைப்போர் பலர். லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 64 கிலோபைட். எச்சரிக்கைச் செய்திகள் அதை நிரப்பிவிட்டால் கம்பைலர் மேற்கொண்டு எழுத முடியாமல் நிற்கும். தாய் நிரலோ அது முடியட்டும் என்று காத்திருக்கும். விடிய விடிய இப்படியே நிற்கும். வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் (communicate) அழைத்தால் படிப்பதும் காத்திருப்பதும் சேர்ந்தே நடக்கும்.

கட்டளையை ஒரே சரமாக ஷெல்லிடம் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலிடம்) கொடுக்காமல் பட்டியலாகக் கொடுப்பது நல்லது. கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி இருந்தாலே சரம் உடைந்துவிடும்.

மேக் (make) என்னும் பில்டு கருவியில் கம்பைலர் வெளியீட்டை, அதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் 'டீ' (tee) கட்டளைக்குத் திருப்பினால், கிடைப்பது டீயின் வெளியேறு எண் (0 என்றால் வெற்றி). கம்பைல் தோற்றாலும் 0 வரும், பில்டு பச்சை காட்டும்! மேக்கின் SHELL மாறியில் பாஷ் (bash) ஷெல்லைக் குறிப்பிட்டு, தொடரில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயிலை (pipefail) இயக்க வேண்டும்.

கால வரம்பு வைத்தாலும், பைத்தானில் கட்டளையை இயக்கும் ரன் (run) கொல்வது தான் தொடங்கிய நேரடிச் சேய்ச் செயலை மட்டுமே. அது கிளப்பிவிட்டவை ஓடிக்கொண்டிருக்கும். கட்டளையைப் புதிய செஷனில் (தனிச் செயல் தொகுப்பில்) தொடங்கி, அந்தச் செயல்களின் குழு முழுவதற்கும் நிறுத்தச் சொல்லும் சிக்னல் அனுப்புங்கள்.

– பில்டு பொறியாளர் ஒருவர், கோயம்புத்தூர்