துப்பறியும் கதை வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்ற ஏற்பாட்டின்படி சென்ற ஆண்டு பதினொரு கூட்டங்கள் நடந்தன. ஒன்று மழையால் தள்ளிப்போய், பிறகு கூட்ட முடியாமலே போயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இரவல் போன நூல்களில் இரண்டு இன்னும் வந்து சேரவில்லை. அவற்றுக்காகப் பலர் காத்திருப்பதால், வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே தந்துதவ வேண்டுகிறேன்.

மீதி இடத்தை நாம் படித்தவற்றுக்கே ஒதுக்குகிறேன். கைக்குக் கிடைத்ததைப் படிப்பதை விட்டு, தொடக்கத்திலிருந்து காலவரிசையில் போவது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. எட்கர் ஆலன் போ 1841 ஏப்ரலில் கிரஹாம்ஸ் இதழில் எழுதிய 'ரூ மோர்க் கொலைகள்' கதையில் தொடங்கினோம். லண்டன் காவல்துறையில் துப்பறியும் பிரிவு ஏற்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான், அதுவும் எட்டே பேரோடு. பூட்டிய அறை, கோட்டைவிடும் போலீஸ், கூடவே இருந்து கதை சொல்லும் நண்பர் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பலவும் அந்த ஒரு கதையிலேயே இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. வங்கி எழுத்தர் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். முன்பு தனக்கு உதவி செய்த மனிதர் அவர் என்பதை, கதையில் துப்பறியும் டுபின் மறக்கவில்லை. டுபின் வழக்கில் இறங்க அதுவும் ஒரு காரணம். அன்றைய கூட்டத்தில் இதைக் கவனித்துச் சொன்ன உறுப்பினருக்கு வட்டமே கடன்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கதையைப் படித்தாலும், கொலையாளி யார் என்பதோடு, வீண்பழி சுமந்தவர் யார் என்ற கேள்வியையும் கேட்கத் தொடங்கினோம்.

அந்தக் கேள்வி எங்களைச் சிலப்பதிகாரத்துக்கே கொண்டுபோனது. பாண்டியன் அவையில் கண்ணகி எடுத்த எடுப்பில் சொல்வது 'தேரா மன்னா'. தேர்தல் என்றால் ஆராய்ந்து பார்த்தல். ஆராயாமல் தண்டித்தவனே என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். சிலம்பை உடைத்ததும் தடயம் எல்லார் கண்ணெதிரிலும் தெறித்து விழுகிறது. திருடிய பொற்கொல்லன், பழி ஏற்ற கோவலன், மறுக்க முடியாத சான்று, எல்லாம் இருந்தும் ஆராய்ச்சி ஒரு நாள் பிந்திப் போனது. துப்பறியும் கதை படிக்கும்போது நமக்குள் இருக்கும் தவிப்பு இந்தத் தாமதத்தைப் பற்றியதுதான் என்பது என் துணிபு. கோவலன் வெட்டுப்படுவதற்குள் யாராவது அந்தச் சிலம்பை உடைத்துப் பார்த்துவிட மாட்டார்களா!

நான்காம் கூட்டத்தில் வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' (1868). அதன் பின்னால் ஓர் உண்மை வழக்கின் நிழல் உண்டு. 1860-இல் இங்கிலாந்தில் ரோடு என்ற ஊரின் பெரிய வீடொன்றில் மூன்று வயதுக் குழந்தை கொலையுண்டது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணைப் பிடித்தார்கள். லண்டனிலிருந்து வந்த துப்பறியும் அதிகாரி ஜாக் விச்சர், காணாமற்போன ஓர் இரவு உடையை வைத்து வீட்டின் பதினாறு வயது மகள் கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார். கௌரவமான குடும்பத்துப் பெண்ணை ஒரு போலீஸ்காரர் குற்றம் சாட்டுவதா என்று நாடே கொதித்தது. விச்சரின் பெயர் கெட்டது. 1865-இல் அந்தப் பெண்ணே முன்வந்து ஒப்புக்கொண்டாள்.

கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம். 1887-இல் முதல் நாவல், 1891 முதல் ஸ்ட்ராண்ட் இதழில் சிறுகதைகள், ஹோம்ஸுக்கு முன்மாதிரியான எடின்பரோ மருத்துவ ஆசிரியர் ஜோசப் பெல்லின் கூர்ந்த பார்வை. இவையெல்லாம் உறுப்பினர்களுக்கு மனப்பாடம். அதிகம் பேசப்பட்டது கானன் டாயில் தாமே இறங்கிய வழக்கு. பார்சி வம்சாவளித் தந்தைக்குப் பிறந்த ஜார்ஜ் எடால்ஜி என்ற வழக்கறிஞருக்கு, இரவில் கால்நடைகளைக் கீறிக் காயப்படுத்தியதாக 1903-இல் ஏழாண்டுச் சிறை விதித்தார்கள். மூன்றாண்டில் வெளியே விட்டாலும் பழி நீங்கவில்லை. அவரைச் சந்திக்கப் போன டாயில், விடுதியில் அவர் செய்தித்தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் படிப்பதைத் தொலைவிலிருந்தே பார்த்தார். இவ்வளவு பார்வைக் குறைபாடு உள்ளவர் நள்ளிரவில் வயல்வெளி கடந்து போயிருக்க முடியுமா? 1907-இல் மன்னிப்புக் கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமையத் தூண்டிய வழக்குகளில் இதுவும் ஒன்று. இதை வாசித்த அன்று கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்டு' (1926) நாவலுக்கு ஒரு சோதனை செய்தோம். கடைசி அத்தியாயங்களுக்கு முன் நிறுத்தி, ஆளுக்கொரு சீட்டில் சந்தேக நபரின் பெயரை எழுதி உறையிலிட்டு ஒட்டினோம். புது உறுப்பினர்கள் இருப்பதால் விடையை இங்கே எழுதவில்லை. முடிவைக் கேட்டுச் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் திரும்ப முதல் அத்தியாயத்தைப் புரட்டியபோது எல்லாம் அங்கேயே இருந்தது. துப்பு எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளையும் அன்றுதான் வாசித்தோம்.

தமிழுக்கு ஒரே கூட்டம் ஒதுக்கியது என் பிழை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ரங்கராஜு முதல் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால் வரை ஓடியே கடந்தோம். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்களாக இருப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச முடிந்தது. ஜப்பானிய எழுத்தாளர் எடோகாவா ராம்போ, சிமெனோன் படைத்த போலீஸ் அதிகாரி மெக்ரே ஆகியோருக்கும் நேரம் போதவில்லை.

வருத்தமான செய்தி ஒன்று. ஒரு கூட்டத்தில் படித்து முடிக்காதவர்கள் இருக்கும்போதே ஒருவர் முடிவைச் சொல்லிவிட்டார். அன்று முதன்முதலாக வந்திருந்த இளம் உறுப்பினர் கண்கலங்கிப் பாதியில் எழுந்து போய்விட்டார். செயலாளர் என்ற முறையில் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறு மாதம் வந்தார். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஒரு மணி நேரம் முடிவைப் பற்றிய பேச்சே கூடாது எனச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். தமிழுக்கு நான்கு கூட்டங்கள் வேண்டும். 1878-இலேயே 'லெவன்வொர்த் வழக்கு' எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஆனா கேத்தரின் கிரீனை இவ்வாண்டுப் பட்டியலில் விட்டுவிட்டோம். முதல் கூட்டம் அவருக்கு. நாவலின் பிரதிகள் வாசலில் இருக்கின்றன. கடைசி அத்தியாயத்தைத் தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு வரும்போது பிரிக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்