எங்கள் மலைக்கு ஓடி வந்தவர்களுக்கு

ஸ்ரீராமபுரம், பெங்களூர்

அன்புள்ள தம்பிகளுக்கும், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் இங்கே தையல் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக்கு அப்பால், மலை மேல் முப்பது வீடு. பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தச் சரிவில் காட்டுத்தீ பற்றிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் மேலே. நான் இங்கே, கத்தரிக்கோலும் கையுமாக. அணைக்க ஓடிய உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டிய நன்றியை இப்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பெரியப்பா. ஆடு மேய்க்கப் போனவர் புகையைப் பார்த்ததும், சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் இந்த வயதில் ஏறி எனக்கு போன் அடித்தார். மணி பதினொன்று கூட ஆகவில்லை. டேராடூனில் இருக்கிற வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோளை வைத்துக் காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பதிவு செய்துகொண்டால் யார் போனுக்கும் வரும். மாடி வீட்டுத் தம்பி பதிவு செய்து வைத்திருந்தான். அந்தச் செயற்கைக்கோள் பகலில் நம் தலைக்கு மேலே வருவதே மதியம் ஒன்றரை மணி வாக்கில்தானாம். செய்தி வந்தபோது நீங்கள் ஓசூரைத் தாண்டிவிட்டீர்கள். பெரியப்பா செயற்கைக்கோளை முந்திவிட்டார் என்று ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஓர் அலுவலக எண்ணுக்கு அரை மணி நேரம் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அது போகட்டும். எதிர்வீட்டு டாடா ஏஸ் அண்ணன் கன்னடக்காரர், எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மண்வெட்டி, தண்ணீர் கேன், கையுறை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். டீசலுக்கு நான் கொடுத்த பணம் மறுநாள் என் கல்லாப்பெட்டியிலேயே கிடந்தது.

அப்புறம் நம் தெரு கிரிக்கெட் டீம். ஒன்பது பேர். உங்களில் இருவர் 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோதே போய் நின்றவர்கள். அங்கே விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது. எங்கள் முப்பது வீட்டுக்கு எது வரும்? தீயணைப்பு வண்டியே பாதை இல்லாமல் அடிவாரத்தில் நின்றுவிட்டது.

மேலே போனதும் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, ஏழு பேரை நிறுத்திவிட்டாராம். எல்லோரும் டீம் ஜெர்சியில். "இது பாலியெஸ்டர். அனல் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டை இல்லாமல் ஒருத்தனும் மேலே வரக் கூடாது." அந்த ஜெர்சிகளைத் தைத்துக் கொடுத்தவனே நான்தான். துணியோடு பிழைக்கிற எனக்கு அது தோன்றவில்லை. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் சட்டைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். என் கல்யாணச் சட்டையும் அதில் போயிற்று.

தண்ணீரை ஊற்றி அணைக்கிற தீ இல்லை அது. உண்ணிச்செடி பச்சையாக இருக்கும்போதே எரியும், காய்ந்த மூங்கில் வெடித்துப் பொறி பறக்கும், பகல் காற்று தீயை மேலே மேலே தள்ளும். காவலர் சொன்னபடி, எரிகிற இடத்துக்குக் கிட்டே போகாமல், தள்ளி மேட்டில் சருகையும் புதரையும் வெட்டி மண் தெரிகிற அளவுக்குக் கோடு இழுத்தீர்கள். ஊர்க்காரர்கள் பச்சைத் தழையால் அடித்தார்கள். பெண்கள் களியும் மோரும் சுமந்து வந்தார்கள். இருட்டிக் காற்று அடங்கிய பிறகு, வனத்துறை ஆட்கள் அந்தக் கோட்டிலிருந்து, எரிந்து வருகிற தீயை நோக்கி எதிர்த்தீ வைத்தார்கள். பத்து மணிக்கு இரண்டு தீயும் சந்தித்து அடங்கியது. 2018இல் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை அம்மா மறக்கவில்லை. நீங்கள் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் தலையை எண்ணிக்கொண்டே இருந்தாளாம்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகு நடந்ததற்காக. தீ அடங்கியதும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். திங்கள்கிழமை எல்லோருக்கும் வேலை. நீங்கள் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் தணல் காவல் இருந்தீர்கள். கட்டைக்குள் நெருப்பு இருக்கும், உருண்டு கீழே போனால் புதிதாகப் பற்றும் என்று ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி, மண் போட்டு, புறங்கையை வைத்துச் சூடு பார்த்தீர்களாம். அடிமரம் ஒன்றில் விடிகாலையில் மறுபடி கங்கு கிளம்பியதை நம் விக்கெட் கீப்பர் தம்பிதான் பிடித்தான் என்று அப்பா சொன்னார். அதற்குக் கீழேதான் எங்கள் வைக்கோல் போர்.

உங்கள் ஏழு ஜெர்சியும் துவைத்து, மடித்து, என் கடையில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஆளுக்கு ஒரு படி ராகி மாவும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சட்டைகளைத் திருப்பித் தர வேண்டாம். கல்யாணச் சட்டையைப் போட்டிருந்தவன் மட்டும் கொண்டு வரட்டும், பொறி பட்ட ஓட்டைகளைத் தைத்து அவனுக்கே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தையல்கார அண்ணன்