தூண்களுக்கு டைல்ஸ்

கடலூர் முதுநகர்
தை மாதம், சனிக்கிழமை

அன்புள்ள மாலதி,

நாங்கள் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் அவருடைய முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு நான் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை இப்போதே திட்டி முடித்துவிடு, கீழே நிறைய விஷயம் இருக்கிறது. இதையும் குரலிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் பேச்சை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் மகள் போட்டுக்கொடுத்துவிட்டாள். அதனால்தான் மெயில்.

ஊர்ச் செய்தி கொஞ்சம். மழைக்காலத்தில் இந்த முறையும் வாசற்படி வரை தண்ணீர் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சின்னவள் அபுதாபியிலேயே இன்னும் ஒரு வருஷம் இருப்பாளாம். நாம் 'ஜன்னல் சீட்' என்று பட்டப்பெயர் சொல்லும் ஆளைப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். அதே பேச்சு, அதே இருமல், கடனைப் பற்றி மட்டும் மூச்சில்லை. மூக்குக்கண்ணாடி மிஸ்ஸும் உன்னைப் பற்றி விசாரித்தார். "பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டு மருமகள் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டாளா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குள் போய்விட்டேன்டி!

இதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். "உலகம் பூராவும் பள்ளிவாசல் படம் பிடித்துத் திரிகிறாள்" என்று உன் வீட்டுக்காரர் கிண்டல் செய்வாரே, அப்படிப்பட்ட நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாங்கு கேட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பள்ளியின் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. யாரும் கையை நீட்டித் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. இங்கே பெண்களுக்கென்று இடம் கிடையாது, நாங்கள் வீட்டில் தொழுவோம், அவ்வளவுதான். ரமலான் மாத இரவுத் தொழுகையான தராவீஹுக்கு மட்டும் பக்கத்து மதரஸாக் கட்டடம். பல ஊர்களில் இப்போது தனி இடம் கட்டுகிறார்கள். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இஸ்தான்புல்லில் எனக்கு ஒரு வேடிக்கை. சுலைமானியா பள்ளிவாசலில் சுற்றுலாக்காரியாகப் போனால் நடுக்கூடத்தில் தடுப்புவரை போய் நின்று, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கலாம். தொழ வேண்டும் என்றால் பின்னால் தட்டிக்குள் போய்விட வேண்டும். படம் எடுக்கிறவளுக்கு முன்னால் இடம், தொழுகிறவளுக்குப் பின்னால் இடம். அதே ஊரில் உஸ்குதார் பக்கம் ஷாகிரின் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. 2009-ல் திறந்தது. உள் அலங்காரத்தை வடிவமைத்தவர் ஒரு பெண், ஸெய்னெப் ஃபதில்லியோலு. பெண்களுக்கான மாடியில் நின்றால்தான் அந்தச் சரவிளக்கின் கண்ணாடித் துளிகள் கண்ணுக்கு நேராக வருகின்றன. முதல் முறையாக நல்ல இடம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் பள்ளிக்கு வருகிறேன். அக்கா மகன் இப்போது ஜமாஅத் செயலாளர். நோன்புக்கு முன்னால் பள்ளியைப் பழுது பார்ப்பதென்று முடிவாகி, தொழுகையை மதரஸா கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலை தொடங்கும் முன் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டுமாம். "சின்னம்மா, நீங்கதான் நல்லா எடுப்பீங்க" என்று வந்து நின்றான். பள்ளி நிர்வாகி முத்தவல்லியிடம் கேட்டாயா என்றேன். கேட்டிருக்கிறான். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, "சித்தாள் பொம்பளைங்க எல்லாம் காலையிலிருந்து உள்ளேதான் மண்ணு சுமக்கிறாங்க, உங்க சின்னம்மா வந்தா என்ன" என்றாராம். அப்படியாக, சித்தாள் கணக்கில் எனக்கு அனுமதி!

காலையில் ஏழு மணிக்கே போனேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று கேள், அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் அரிக்கிறது.

உலகத்துப் பள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்து நிற்பதால், ஒவ்வொரு நாட்டிலும் வெயில் ஒவ்வொரு பக்கமாக விழுகிறது. நம் பக்கத்தில் கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை, மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. அப்படியானால் வாசல் கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. காலை வெயில் முகப்பில் விழும், சாயங்காலம் போனால் கட்டடம் கறுத்துப்போய் நிற்கும். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளியும் அப்படியே, சிங்கப்பூரில் சூலியா பள்ளியும் அப்படியே. முதலாவது 1801-ல், அடுத்தது 1826-ல், இரண்டும் நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியவை. இஸ்தான்புல்லில் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே கிப்லா தென்கிழக்கே. காலையில் மிஹ்ராப், அதாவது கிப்லாச் சுவரில் இருக்கும் மாடம், அதன் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் அடிக்கும், வர்ணம் வரும், சுவர் வராது. சுவரின் ஓடுகள் தெரிய வேண்டுமென்றால் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னும் கேள். மாலி நாட்டு ஜென்னே ஊரின் மண் பள்ளி, பனங்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, எல்லா நாட்காட்டியிலும் வருகிற படம், அதில் மூன்று கோபுரத்தோடு தெரிவது முகப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கிப்லாச் சுவர்! மாலிக்கு மக்கா கிழக்கே. சந்தைத் திடலில் நின்று எல்லாரும் எடுப்பது தொழுகிறவர்களின் முகத்துக்கு எதிரே இருக்கும் சுவரின் வெளிப்பக்கம். சீனாவில் ஷியான் பெரிய பள்ளி பார்வைக்கு அசல் சீனக் கோயில், ஆனால் அவர்கள் கோயில்கள் தெற்கே பார்த்திருக்க, இது மட்டும் கிழக்கு மேற்காக நீளும். திசைகாட்டி தொலைந்துபோனவன் ஒரு பள்ளிக்குள் போய், மிஹ்ராப் எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்தால், தான் மக்காவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். இதை என் மகனிடம் சொன்னேன். "அம்மா, கூகுள் மேப் இருக்கு" என்கிறான். இவனைப் பெற்றதற்கு...

ஆக, தை மாதத்தில் சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளி எழுவதால், நடுக் கதவைத் திறந்ததும் வெயில் கூடத்தின் குறுக்கே தரையோடு ஓடி மிஹ்ராப் வரை போய் நின்றது. இதை நான் வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. அத்தா தொழுத இடம் எது, என் வீட்டுக்காரர் கடைசி நாட்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மூலை எது என்று எனக்கு அடையாளம் காட்ட அங்கே யாருமில்லை. பாங்கு சொல்லும் மோதினார் மட்டும், நான் கேட்காமலே, வலப்பக்கம் மூன்றாவது தூணைக் காட்டி, "அண்ணன் இங்கேதான்" என்றார். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அது போதும், இதைப் பற்றி மேலே எழுத மாட்டேன்.

அப்புறம் வேலையைப் பார்த்தேன். நம் பள்ளிகளைப் படம் எடுப்பதில் உள்ள தொல்லை உனக்குத் தெரியாது. கருங்கல் தூண், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, கல் பலகை மேல்தளம், அப்படியே கோயில் மண்டபம், உருவச் சிலை மட்டும் இல்லை. ஆனால் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு மின்விசிறி, மிஹ்ராபுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து ஓடும் தொழுகை நேரப் பலகை, சுவரெல்லாம் ஒயர். டியூப் லைட்டையெல்லாம் அணைக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் வெயில் ஒரு நிறம், டியூப் ஒரு நிறம் என்று படம் நோயாளி மாதிரி வரும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்ளே சாய்ந்துகொள்ளும் என்பதால் கடைசிச் சுவர் வரை பின்னால் போய், ஏணியில் இரண்டு படி ஏறி, நேராகப் பிடித்து எடுத்தேன். என் வயசுக்கு ஏணி தேவையா என்று நீ கேட்பாய். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது.

அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரம் பக்கத்துச் சித்தாள் பெண். கொத்தனார் ஒரு தூணில் சோதனைக்காகக் கம்பி பிரஷ் போட்டுப் பெயிண்டைச் சுரண்டியிருந்தார். பச்சை எனாமல், அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு. கல் வெளியே வந்த இடத்தில், போதிகை முனையில், ஒரு பூ. எனக்கு முதலில் தெரியவில்லை, நேராக ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன், படத்தில் வெறும் சாம்பல் கல். அந்தப் பெண்தான் என் டார்ச்சை வாங்கி, பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். இதழ் இதழாக எழுந்து வந்தது! "பூசின சுவருல மேடு பள்ளம் இப்படித்தாம்மா பார்ப்போம்" என்றாள். மற்ற தூண்களிலும் அந்தப் பூ பெயிண்டுக்கு அடியில் இருக்கத்தான் செய்யும்.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். காண்டிராக்டர் கொடுத்திருக்கும் திட்டத்தில், தூண்களைச் சுற்றி ஆள் உயரத்துக்கு டைல்ஸ். மேலே ஏ.சி.க்காக ஃபால்ஸ் சீலிங். டைல்ஸ் மாதிரியைக் காட்டினான் அக்கா மகன். கருங்கல் டிசைன்! கருங்கல்லின் மேல் கருங்கல் மாதிரி டைல்ஸ் ஒட்ட, சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு. சிரிப்பதா அழுவதா சொல்.

ஏ.சி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நெருக்கியடித்து நின்று வியர்க்கிறவர்கள் அவர்கள், வீட்டில் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் நான் கல்லின் அழகைப் பற்றிப் பேசினால் எரிச்சல்தான் வரும். நான் படம் எடுப்பதற்காகப் பள்ளி நிற்கவும் இல்லை. ஜென்னேயில் ஊரே சேர்ந்து வருஷா வருஷம் புது மண் பூசுகிறது, அப்படிப் பூசாவிட்டால் அந்தப் பள்ளி மழையில் கரைந்துவிடும். மாற்றுவது பாவமில்லை. ஆனால் டைல்ஸ் ஒட்டக் கல்லைக் கொத்துவார்களே, கொத்திய பூ திரும்பி வராது. டாக்காவில் கட்டடக் கலைஞர் மரினா தபஸ்ஸும் 2012-ல் கட்டிய பைத்துர் ரவூஃப் பள்ளியைப் பார். பாட்டி கொடுத்த நிலம், வெறும் செங்கல், குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. செங்கல் இடுக்கு வழியே காற்று வருகிறது, கூரைத் துளைகள் வழியே வெளிச்சம் விழுகிறது. அதற்கு 2016-ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது. ஏ.சி.யை வைத்துக்கொள்ளட்டும், தூணை விட்டுவிடட்டும் என்பதுதான் என் கட்சி.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் கூட்டம். எனக்கு அங்கே நாற்காலி கிடையாது. ஆனால் பையன் என் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறான். எனாமல் தூண் ஒன்று, சுரண்டிய தூண் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். அதற்கு அடுத்து ஸ்பெயினின் கோர்டோபா பெரிய பள்ளிவாசல். அதற்குத்தான் நீ வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும், கோர்டோபாவில் நான் எடுத்ததெல்லாம் உன் வீட்டுக்காரரின் கேமராவில். கார்டு உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. 785-ல் தொடங்கிய கட்டடம், 850-க்கு மேல் தூண்கள், நிறைய தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. அவை குட்டையாக இருந்ததால்தான் கூரையை உயர்த்த வளைவுக்கு மேல் வளைவு கட்டினார்கள். 1236-க்குப் பிறகு தேவாலயமாக ஆக்கி, நடுவில் இடித்துப் பெரிதாகக் கட்டியவர்கள்கூட மிச்சத் தூண்களை விட்டுவைத்தார்கள். எங்கள் முத்தவல்லிக்கு இந்த ஒரு வாதம் போதும், ரோஷக்காரர்.

கார்டில் இருப்பதை அப்படியே மெயிலில் அனுப்பு. வாட்ஸ்அப் வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும், பிரிண்ட் போட்டால் புள்ளி புள்ளியாக வரும். மிஹ்ராபுக்கு முன்னால் எடுத்த வரிசையும், சிவப்பு வெள்ளை வளைவுகள் நீளமாகப் போகும் வரிசையும் அவசியம். புதன்கிழமைக்குள் வந்தால் பாண்டி லேபில் கொடுத்து வாங்கிவிடுவேன். அப்புறம், பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்கு நீ புதினா டீ குடிக்க மட்டும்தான் போகிறாய் என்று எனக்குத் தெரியும். 1926-லிருந்து நிற்கிறது, ஒரு நாளாவது டீக்கடையைத் தாண்டி உள்ளே போய் முற்றத்தை எடுத்து அனுப்பு.

கோர்டோபா படங்களில் பாதிக்கு மேல் நீ ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து கையாட்டிக்கொண்டிருப்பாய். ஜமாஅத்தில் காட்டப்போவது, அதனால் நீ இல்லாததாகப் பார்த்து அனுப்பு. கிடைக்காவிட்டால் உன்னோடேயே அனுப்பு, வெட்டிக்கொள்கிறேன்.

உன்,
ஜைனு