பையின் கதையில் வரலாறும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பிள்ளைகள் வரலாற்றை ஆண்டுகளாகவும் கணிதத்தைச் சூத்திரங்களாகவும் பாடமாக்குகிறார்கள், சோதனை முடிய இரண்டும் போய்விடும். பரிதியை விட்டத்தால் வகுத்தால் வருகிற அந்தப் பை, 22/7 என்று போட்டு விடை எடுத்துவிட்டுப் போகிறோமே, அதன் கதையை வரலாற்றுப் பாடவேளையில் சொல்லிப் பார்த்தால் என்ன?

22/7 சரியான பெறுமானம் இல்லை. வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பல்கோணி வைத்துக் கணக்குப் பார்த்த ஆர்க்கிமிடீஸ், பை அதைவிடச் சற்றுக் குறைவு, 223/71ஐ விடச் சற்றுக் கூட என்று காட்டினார். கி.மு. 212இல், கார்த்தேஜ் பக்கம் சேர்ந்திருந்த சிராகூஸ் நகரை ரோமர் பிடித்தபோது அவர் கொல்லப்பட்டார். ஏன் கொன்றார்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், ரோமருக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த யுத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

எங்களுக்குக் கிட்ட நடந்தது கேரளத்துச் சங்கமகிராம மாதவனின் கதை. 14ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். 1இல் 1/3ஐக் கழித்து, 1/5ஐக் கூட்டி, 1/7ஐக் கழித்து, இப்படியே முடிவில்லாமல் போனால் பையின் காற்பங்கு வரும் என்பது அவர் வழியில் வந்த கண்டுபிடிப்பு. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் என்ற ஜேர்மன் கணிதவியலாளர் இதற்கு வந்தது 1670களில். மாதவனின் சீடர் பரம்பரை நிறுவலை மலையாளத்திலேயே எழுதி வைத்திருந்தும், 1830களில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஒருவர் எழுதித்தான் ஐரோப்பாவுக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகும் கனகாலம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. குடியேற்றவாதம் என்ற தலைப்பை இதை வைத்தே படிப்பிக்கலாம்.

அப்புறம் லூடோல்ஃப் வான் கோலன். வாள்வீச்சும் கணிதமும் படிப்பித்தவர், பையை 35 தசம தானத்துக்குக் கணக்கிட்டார், அந்த இலக்கங்கள் அவர் கல்லறையிலும் பொறிக்கப்பட்டன. 1600இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் இராணுவப் பொறியியலாளரைப் பயிற்றத் தொடங்கிய பாடசாலையில் அவரும் ஆசிரியர். ஒல்லாந்தருக்கு அந்தக் கணிதம் எதற்கு என்று பார்க்க லைடன் போகத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கோட்டை இருக்கிற முற்றவெளிப் பக்கம் போனால் போதும். 1658இல் போர்த்துக்கேயரிடம் பிடித்த நாற்கோணக் கோட்டையை ஐங்கோணமாக்கிக் கட்டியவர்கள் அவர்கள். (இப்போது பிள்ளைகள் அங்கே போவது செல்ஃபி எடுக்க.)

இதற்காகப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம். தவணைச் சோதனை முடிந்து விடுமுறை விடும்வரை சும்மா போகிற நாட்களில் கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து தரம் 9, 10 பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய், அளவுநாடாவும் பாகைமானியும் கொடுத்து அளக்க விடலாம். இது சோதனைக்கு வராதே என்று சில பெற்றோர் முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நல்லூர்.